தண்டவாளத்தில் ஓடிய வாத்து!

ஒரு விடுகதை. முகம் மோட்டார் கார், இடுப்பு பஸ், முதுகு லாரி, கால் மட்டும் ரயில், பெயரோ வாத்து. அது என்ன?

விடை தெரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து மலைவாசிகளைத் தவிர, அந்த நாளில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பார்கள். அவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே, "எங்கள் காலப்பிங் கூஸ்!" என்று சொல்லியிருப்பார்கள். நம் பாஷையில் 'பாய்ந்தோடும் வாத்து' என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கார்களையும் பஸ்களையும் வெட்டி ஒட்டி, இரும்புச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் ஓடவிட்ட வண்டி அது.

"பஸ்ஸுக்குத்தான் ரோடு இருக்கிறதே! தண்டவாளத்துக்கு ரயில் இருக்கிறதே! எதற்காக இந்த வீண் வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விடை ஒரே வார்த்தையில் அடங்கிவிடும்: பற்றாக்குறை. மாதக் கடைசியில் நம் வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பாட்டியின் நைந்த புடவை பேரனுக்குத் தூளியாகிறது. தூளி கிழிந்தால் தலையணை உறையாகிறது. உறையும் போனால் அடுப்பங்கரையில் கரித்துணி. கையில் காசு இல்லாத ரயில் கம்பெனியும் இப்படித்தான் செய்தது. பழைய கார் அதற்குப் பழைய புடவை!

வெள்ளிக்காகப் போட்ட ரயில்

கொலராடோவின் தென்மேற்கு மூலையில் ஸான் ஹுவான் என்று ஒரு மலைத் தொடர் இருக்கிறது. அந்த மலையின் வயிறெல்லாம் வெள்ளி. வெள்ளி இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். சுரங்கம் வெட்டினார்கள். டெல்யூரைட், ரைகோ என்று ஊர்கள் முளைத்தன. ஆனால், வெட்டிய தாதுவைக் கீழே கொண்டு போவது எப்படி?

இங்கேதான் ஆட்டோ மியர்ஸ் என்பவர் வருகிறார். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் 1840-ல் பிறந்து, சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து, அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். மலையில் பாதை போட்டுச் சுங்கம் வசூலித்து முன்னுக்கு வந்தவர். அவர் தொடங்கியதுதான் 'ரியோ கிராண்ட் ஸதர்ன்' ரயில்வே. ரிட்ஜ்வே என்ற ஊரிலிருந்து டுராங்கோ வரையில் 162 மைல். எழும்பூரில் ஏறினால் சிதம்பரத்தைத் தாண்டிவிடும் தூரம். 1891 டிசம்பரில் பாதை முழுவதும் முடிந்தது.

தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றே அடி இடைவெளி. நம் ஊரில் இருந்த மீட்டர் கேஜை விடவும் மூன்று அங்குலத்துக்கு மேல் குறுகல். அப்படி ஒடுக்கினால்தான் மலையில் வளைந்து நெளிந்து ஏற முடியும். லிஸர்ட் ஹெட் கணவாயில் பாதை 10,000 அடிக்கும் மேலே ஏறியது. நம் நீலகிரியின் சிகரமான தொட்டபெட்டாவே சுமார் 8,650 அடிதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வழி நெடுகப் பள்ளத்தாக்குகளின் மேல் மரத்தால் கட்டிய பாலங்கள். குளிர் காலத்திலோ ஆள் உயரத்துக்குப் பனி.

மியர்ஸுக்கு அப்போது கை நிறையப் பணம். தம் ரயிலில் இலவசமாகப் பிரயாணம் செய்ய வேண்டிய முக்கியஸ்தர்களுக்கு அவர் பாஸ் கொடுத்தார். காகிதத்தில் அல்ல, வெள்ளியில்! மெல்லிய வெள்ளிக் கம்பியை முறுக்கி, கொலுசுக்குப் பூ வேலை செய்வதுபோல் நுணுக்கமாகச் செய்த பாஸ். அவற்றில் மிஞ்சியிருப்பவற்றைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்று பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள்.

ஆனால், வெள்ளி கொடுத்த வாழ்வை வெள்ளியே பறித்தது. 1893-ல் அமெரிக்க சர்க்கார் வெள்ளியை வாங்கிக் குவிக்கும் சட்டத்தை ரத்து செய்தது. விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின. பாதை போட்டு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கம்பெனி திவால்! மியர்ஸின் கையை விட்டு ரயில் போய்விட்டது. பக்கத்துப் பெரிய ரயில் கம்பெனி ஒன்றின் ஆதிக்கத்தில், இழுத்துப் பறித்துக்கொண்டு அது காலம் தள்ளியது. 1929-ல் மறுபடியும் கோர்ட் வாசல்.

கார் போய் ரயில் வந்தது

விக்டர் மில்லர் என்பவரைக் கோர்ட் ரிஸீவராக நியமித்தது. அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். எதிரே இருந்தது தர்மசங்கடமான நிலைமை.

ரயிலை நிறுத்திவிடலாமா? முடியாது. மலை ஊர்களுக்குத் தபால் கொண்டு போகும் ஒப்பந்தம் இருக்கிறது. நிச்சயமாகக் கைக்கு வரும் பணம் அது ஒன்றுதான். அந்த ஜனங்களுக்கும் வேறு நல்ல வழி கிடையாது. சரி, ரயிலை ஓட்டலாமா? ஏறுவதோ நாலைந்து பேர், நாலைந்து தபால் மூட்டைகள். இதற்காக ஒரு நீராவி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வண்டி புறப்படப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, ஆவி சேர வேண்டும். எஞ்சின் ஓட்ட ஒருவர், கரி அள்ளிப் போட ஒருவர், கார்டு ஒருவர், பிரேக் பிடிக்க ஒருவர். நாலு பேருக்குக் காப்பி போட அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சுகிற கதை!

ரிட்ஜ்வேயில் கம்பெனிக்கு ஒரு பட்டறை இருந்தது. தலைமை மெக்கானிக் ஜாக் ஓடன்பா. 1931-ல் அவரும் அவருடைய ஆட்களும் ஒரு பழைய பியூக் காரைப் பிடித்தார்கள். ரப்பர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ரயிலுக்குரிய விளிம்பு வைத்த இரும்புச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். தண்டவாளம் போன வழியே வண்டி போகுமாகையால் திருப்புகிற ஸ்டீயரிங்குக்கு வேலை இல்லை. காரின் பின்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, தபாலும் சாமானும் ஏற்ற ஒரு பெட்டியை வைத்தார்கள். ஆயிற்று!

இதில் வேடிக்கை மட்டும் இல்லை, விஞ்ஞானமும் இருக்கிறது. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உராய்வு குறைவு. ஆகையால், ரோட்டில் ஒரு குடும்பத்தை இழுத்துச் சென்ற கார் எஞ்சின், தண்டவாளத்தில் அதைவிட நிறையப் பாரத்தை இழுக்கும். வண்டி லேசானதால் பழைய தண்டவாளமும் மரப் பாலமும் தேயாமல் பிழைத்தன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்ட ஒரே ஆள் போதும். முதல் வண்டியைச் செய்ய ஆன செலவு மூன்றே வாரத்தில் மீண்டுவிட்டதாம்!

மில்லர் விடுவாரா? 1936-க்குள் இப்படி ஏழு வண்டிகள் தயாராகிவிட்டன. பின்னால் வந்தவை முதல் வண்டியைவிடப் பெரியவை. பியர்ஸ்-ஆரோ என்று அந்நாளில் கோடீசுவரர்கள் வைத்திருந்த படகு போன்ற கார் ஒன்று உண்டு. பொருளாதார மந்தத்தில் கோடீசுவரர்களே ஆடிப்போனபோது, அந்தக் கார்கள் கைமாறி ரிட்ஜ்வே பட்டறைக்கு வந்தன. சீமான்கள் சாய்ந்து உட்கார்ந்த மெத்தையில் சுரங்கத் தொழிலாளியும் ஆட்டுப் பண்ணைக்காரரும் உட்கார்ந்து போனார்கள். காலத்தின் கோலத்தைப் பாருங்கள்!

வாத்து என்று ஏன் பெயர்?

இதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள். பழைய பாதையில் வண்டி இப்படியும் அப்படியும் ஆடி ஆடிப் போகும் நடை, வாத்து நடை மாதிரி இருந்தது என்பார்கள் சிலர். 'பாம், பாம்' என்று அலறிய ஹாரன் சத்தம் வாத்தின் குரலேதான் என்பார்கள் வேறு சிலர். மலை ஏறும்போது எஞ்சின் சூடாகிவிடும். அதற்குக் காற்று வரட்டும் என்று மூடியின் இரு பக்கத் தகடுகளையும் தூக்கிவிடுவார்கள். அது, வாத்து இறக்கையை விரித்துக்கொண்டு ஓடுவதுபோல் இருந்ததாம். மூன்றில் எது நிஜமோ, எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது.

வாத்து என்று கேலி செய்தார்களே தவிர, அந்த ஊர்களின் பிழைப்புக்கு அதுதான் ஆதாரம். வாத்து வந்தால் தபால் வந்தது; மளிகை வந்தது; வெளியூர் போன மனிதர் வீடு திரும்பினார். கனமான சரக்கு இருந்தாலோ, பனி மலையாய்க் குவிந்தாலோ மட்டும் நீராவி எஞ்சினைக் கிளப்பினார்கள். அன்றாடக் குடித்தனத்தை நடத்தியது வாத்துதான்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்த மலைத் தாதுக்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. உருக்கைப் பலப்படுத்தும் வனேடியம் வேண்டியிருந்தது. அதோடு கூடக் கிடைத்த யுரேனியமும் வேண்டியிருந்தது. எதற்காக என்பது அப்போது பரம ரகசியம். ஆகவே சர்க்காரே பணம் கொடுத்து ரயிலைப் பிழைக்க வைத்தது.

யுத்தம் முடிகிற சமயம், கார் உடல்கள் உளுத்துவிட்டன. 3, 4, 5-ஆம் நம்பர் வாத்துகளுக்கு வெய்ன் கம்பெனி கட்டிய பழைய பஸ் உடல்களைத் தூக்கி வைத்தார்கள். யுத்தத்தில் மிஞ்சிய ராணுவ லாரி எஞ்சின்களைப் பொருத்தினார்கள். இப்போது அது அசல் பஸ். தண்டவாளத்தில் ஓடும் பஸ்!

1950-ல் இடி விழுந்தது. தபால் ஒப்பந்தம் ரோட்டு வழிக்குப் போய்விட்டது. கம்பெனி கடைசியாக ஒரு யுக்தி செய்தது. சாமான் பெட்டியின் பக்கங்களை வெட்டிப் பெரிய ஜன்னல்கள் வைத்து, உள்ளே ஆசனங்கள் போட்டு, உல்லாசப் பிரயாணிகளை அழைத்தது. அதுவரை கேலிப் பெயராக இருந்ததைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டு, ஓடும் வாத்தின் படத்தைக் கதவில் எழுதி வைத்தது. ஜனங்கள் ஆசையாய் வந்து ஏறினார்கள். ஆனால், கோடைக்கு வரும் விருந்தாளிகளின் பணத்தில் வருஷம் முழுவதும் குடித்தனம் நடத்த முடியுமா? இரண்டு வருஷத்துக்குமேல் தாங்கவில்லை. பாதையை மூட உத்தரவாகிவிட்டது.

தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்றார்கள். பெயர்க்கும் வேலைக்கு வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது யார் தெரியுமா? வாத்துதான். இருபது வருஷம் தன்னைச் சுமந்த பாதை, தன் பின்னாலேயே ஒவ்வொரு கஜமாய் மறைந்துகொண்டு வர, அது வேலை செய்தது. அந்த வண்டிக்கு அதுவே கடைசி உத்தியோகம்.

நல்ல வேளையாக, மலை ஜனங்கள் வாத்துகளை மறக்கவில்லை. ஒன்றாம் நம்பர் மட்டும் அழிந்துவிட்டது. அதற்கும் அச்சு அசலாக ஒரு பிரதி செய்து ரிட்ஜ்வேயில் வைத்திருக்கிறார்கள். மற்ற ஆறும் இன்றும் இருக்கின்றன. 2, 6, 7 மூன்றும் கோல்டன் நகரத்து ரயில் மியூசியத்தில். 3-ஆம் நம்பர் கலிபோர்னியாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில். டொலோரஸ் ஊர்க்காரர்கள் 5-ஆம் நம்பரை 1998-ல் பழுது பார்த்து மறுபடி ஓட வைத்தார்கள். பக்கத்திலுள்ள பழைய மலை ரயில் பாதைகளுக்கு அது அவ்வப்போது விருந்தாளியாகப் போய், இறக்கையை விரித்து ஓடிவிட்டு வருகிறது.

இரட்டைக் கால் பஸ்கள்

வாத்து ரோட்டை மறந்துவிட்டுத் தண்டவாளத்துக்கே வாழ்க்கைப்பட்ட வண்டி. புகுந்த வீடு, பிறந்த வீடு இரண்டையும் விடாத பஸ்களும் உண்டு. இங்கிலாந்தில் 1932-ல், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டுக்கு இப்படி ஒரு பஸ் ஓடியது. ரப்பர் சக்கரம், இரும்புச் சக்கரம் இரண்டும் அதற்கு உண்டு. ரயில் பாதையில் வந்து, ஸ்டேஷனில் சக்கரம் மாற்றிக்கொண்டு, ரோட்டில் இறங்கி ஹோட்டல் வாசலிலேயே பிரயாணிகளை இறக்கிவிட்டது. ஆனால், சில மாதங்களில் நின்றுவிட்டது.

ஜெர்மனியில் யுத்தத்துக்குப் பிறகு பாலங்கள் பல இடிந்து கிடந்தன. 1953 முதல் அங்கே ஓடிய பஸ், இரும்புச் சக்கரங்களைத் தன்னோடு சுமக்கவில்லை. ஸ்டேஷனில் காத்திருக்கும் சிறிய இரும்பு வண்டிகளின் மேல் முன்புறமும் பின்புறமும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாதரட்சை மாட்டிக்கொள்வது மாதிரி. கடைசி வண்டி 1967-ல் நின்றது.

ஜப்பானில் இந்த ஆசை இன்னும் விடவில்லை. ஷிகோகு தீவின் கடலோரத்தில் ஒரு சின்ன ரயில் கம்பெனி. ஜனத்தொகை குறைந்து, ஏறுவதற்கு ஆள் இல்லாமல் தவித்தது. 2021 டிசம்பர் 25 முதல் அங்கே ஒரு மினி பஸ், பாதி வழி ரோட்டிலும் பாதி வழி தண்டவாளத்திலும் ஓடுகிறது. வயிற்றுக்குள் மடித்து வைத்திருக்கும் இரும்புச் சக்கரங்களைச் சுமார் 15 விநாடியில் இறக்கிவிடுகிறது. அதைப் பார்க்கவே ஜனங்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள்.

நம் பக்கமும் இந்த உறவு உண்டு. மதுராவிலிருந்து பிருந்தாவனத்துக்குப் பல வருஷம் ரயில் பஸ் ஓடியது. இலங்கையிலோ இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து ரயிலாக்கினார்கள். எந்தப் பக்கம் போனாலும் முகம்தான். திரும்ப வேண்டிய தொல்லை இல்லை!

தலையாட்டும் கழுதை

இதுவரை சொன்னதெல்லாம் சின்னக் குடும்பக் கதைகள். பெரிய குடும்பத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்டால் சிரிப்பு சற்று அடங்கும்.

லேலண்ட் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. எண்ணூரில் 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது அந்த இங்கிலீஷ் கம்பெனியின் உறவால்தான். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் 'லேலண்ட் நேஷனல்' என்று ஒரு டவுன் பஸ் செய்துகொண்டிருந்தது. ஒரே அச்சில் செய்த துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து, வேண்டிய நீளத்துக்குக் கட்டக்கூடிய பஸ். 

அதே சமயம் பிரிட்டிஷ் ரயில்வே கஷ்டத்தில் இருந்தது. கிளைப் பாதைகளில் ஓடிய டீஸல் வண்டிகள் கிழடு தட்டிவிட்டன. புதிது வாங்கப் பணமில்லை. 1983-ல் வெளியான செர்ப்பெல் அறிக்கை, தேசத்தின் ரயில் பாதையில் மிகப் பெரும் பகுதியை மூடிவிடுவதையும் ஒரு யோசனையாகச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்த நிலைமையில்தான், டார்பி நகரத்து ரயில்வே ஆராய்ச்சிக்காரர்கள் 1978-லேயே செய்து பார்த்திருந்த ஒரு யுக்தி கைகொடுத்தது. சரக்கு வண்டிக்காக ஆராய்ந்து வைத்திருந்த இரண்டு அச்சு அடிச்சட்டம். அதன் மேல் லேலண்ட் பஸ்ஸின் உடல். ரயில் ரெடி!

1984-லிருந்து 1987-க்குள் இந்த ஜாதியில் 164 வண்டித் தொடர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லாம் பஸ் கட்டும் கம்பெனிகளின் உடல்கள். 'பேஸர்' என்று பெயர். சிலவற்றில் ஆசனம்கூட பஸ்ஸில் போடும் நீளப் பெஞ்சு. கதவும் பஸ்ஸின் மடக்குக் கதவு.

செலவு குறைந்தது, பாதைகள் பிழைத்தன. இந்த வண்டி வந்திராவிட்டால் வட இங்கிலாந்தின் எத்தனையோ கிளைப் பாதைகளில் புல் முளைத்திருக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது.

ஆனால், ஏறி உட்கார்ந்தவர்களின் பாடு வேறு. சாதாரண ரயில் பெட்டிக்கு இரு முனையிலும் நாலு சக்கரம் கொண்ட தனி வண்டி உண்டு. வளைவில் அது தானே திரும்பிக்கொடுக்கும். பேஸருக்கோ பெட்டிக்கு இரண்டே அச்சு. தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் தூக்கிப் போடும். வளைவு வந்தால் சக்கரம் கீச்சிடும். வளைவுகள் நிறைந்த டெவன், கார்ன்வால் பக்கம் அனுப்பிய வண்டிகளின் சக்கரம் தேய்ந்து, சில வருஷத்திலேயே வடக்கே அனுப்பிவிட்டார்கள். ஜனங்கள் இதற்கும் பட்டப் பெயர் வைத்தார்கள்: 'தலையாட்டும் கழுதை'. 

கொலராடோவில் வாத்து, இங்கிலாந்தில் கழுதை. இரண்டும் பட்டப் பெயர்தான். முன்னதில் செல்லம் இருந்தது. பின்னதில் கசப்பு இருந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

கொலராடோவில் எல்லோருக்குமே கஷ்டம். வண்டியைச் செய்தவர், ஓட்டியவர், ஏறியவர் எல்லோரும் ஒரே மலை ஜனங்கள். செய்தவர் தாமும் அதில் ஆடிக்கொண்டே போனார். இங்கிலாந்திலோ, லண்டன் பக்கம் புதுப் புது ரயில்கள் வந்தன. மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வருஷக் கணக்கில் பஸ் பெஞ்சில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். "எங்களுக்கு மட்டும் இது போதுமா?" என்ற கேள்வி அவர்கள் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. பந்தியில் முதல் இலைக்குப் பாயசமும் கடைசி இலைக்கு மோரும் விழுந்தால், மோர் புளிக்கத்தானே செய்யும்?

சுமார் 20 வருஷத்துக்கென்று வந்த வண்டி 30 தாண்டியும் ஓடியது. தற்காலிக ஏற்பாட்டின் குணமே அதுதான். அடுத்த தீபாவளிக்குள் ஓடு போட்டுவிடலாம் என்று சமையலறை மேல் போட்ட தகரம், பெண்ணின் கல்யாணத்தன்றும் அப்படியே இருக்கிறதல்லவா?

1999 ஜூன் மாதம் வின்ஸ்போர்டு என்ற இடத்தில், பிரயாணிகள் இல்லாத ஒரு பேஸரின் மீது பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் மோதியது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், பஸ் உடல் அடிச்சட்டத்தை விட்டு நகர்ந்துவிட்டதைப் பார்த்தவர்களுக்குப் பகீர் என்றது. உள்ளே ஜனங்கள் இருந்திருந்தால்?

2015-ல் இந்த வண்டிகளை மாற்றும் பிரச்னை மந்திரியிடம் வந்தது. வழக்கமான கணக்குப்படி இது செலவுக்குத் தக்க பலன் தராது என்று இலாகாவின் தலைமை அதிகாரி எழுதினார். போக்குவரத்து மந்திரி பாட்ரிக் மக்லாக்லின் அதை மீறி, மாற்றத்தான் வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டார். கணக்குப் புத்தகத்தில் அடங்காத சில விஷயங்களும் உண்டு என்று ஒப்புக்கொண்ட காரியம் அது. சக்கர நாற்காலியில் வருபவர்களும் சிரமமில்லாமல் ஏறி இறங்கும்படி எல்லா ரயிலும் இருக்க வேண்டும் என்ற விதியும் 2020-ல் வந்து சேர்ந்தது. பேஸர்களுக்கு ஓய்வு கிடைத்தது. வேல்ஸில் ஓடிய கடைசி வண்டிகள் 2021 மே மாதம் நின்றன.

சமையலறையான ரயில்

பழைய வண்டிகளை என்ன செய்வது? சிலவற்றைப் பழைய ரயில் பிரியர்கள் வாங்கிக்கொண்டார்கள். பல, இரும்புக் கடைக்குப் போயின. பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு போட்டியும் வைத்தது: 'இந்தப் பெட்டியை ஊருக்கு உபகாரமாக எப்படிப் பயன்படுத்தலாம்? நல்ல யோசனை சொல்பவருக்குப் பெட்டி இலவசம்!' என்று.

மூன்று யோசனைகள் தேறின. ஓர் ஆஸ்பத்திரி, நோயாளிகளும் உறவினரும் சற்று மனம் ஆற உட்கார ஓர் இடம் வேண்டுமென்று கேட்டது. ஒரு பள்ளிக்கூடம், குழந்தைகளுக்கு விஞ்ஞான சாலை அமைக்கக் கேட்டது. மூன்றாவதாக, ஹட்டர்ஸ்பீல்டு நகரத்தில் மனச்சோர்வால் அல்லலுறும் ஆண்களுக்கு உதவும் ஒரு தர்ம ஸ்தாபனம். அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? சமையலறை! ஆண்கள் கூடிச் சமைக்கக் கற்றுக்கொள்ள ஓர் இடம்.

பஸ்ஸாகப் பிறக்க இருந்து, ரயிலாக உழைத்து, அத்தனை ஜனங்களின் வசையையும் வாங்கிக் கட்டிக்கொண்ட பெட்டி, கடைசியில் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது. பழைய புடவையின் கதைதான். ஆனால், இம்முறை கரண்டி பிடிப்பவர்கள் ஆண்கள்! நம் வீட்டு ஆண்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, "முதலில் ஒரு ரயில் பெட்டி வாங்கிக் கொடு, அப்புறம் சமைக்கிறேன்" என்று சொன்னால், அதற்கு இந்தப் பத்திரிகை பொறுப்பல்ல.